டேராடூனிலிருந்து வந்த சிவப்புக் கார்

விருதுநகர் பஜாரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் முகம்மது நூகுவின் மனைவி பைரோஜாவுக்கு, நாற்பத்து நான்காவது வயதில் வேகமாக ஓடும் கார் ஒன்று வேண்டும் என்று தோன்றியது. தோன்றியது என்று சொல்வதுகூடச் சரியில்லை. இருபது வருடமாக மனதில் கிடந்ததை அந்த வயதில்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

கடையின் போன் வேலை முழுவதும் அவளுடையது. இந்தூரிலும் டெல்லியிலும் இருக்கும் ஆலைக்காரர்களிடம் இந்தியில் விலை பேசுவது, லோடு ஏறிவிட்டதா என்று விரட்டுவது எல்லாம் அவள்தான். நூகு கடையில் உட்கார்ந்து சரக்கையும் ஆட்களையும் பார்த்துக்கொள்வார். அவர் காரோட்டினால் முள் நாற்பதைத் தாண்டாது. மதுரைக்குப் போகும்போது டிராக்டர் முந்திப் போன நாளும் உண்டு. அப்போதெல்லாம் பக்கத்து சீட்டில் பைரோஜா கண்ணை மூடிக்கொள்வாள்.

"கண்ண மூடுற அளவுக்கா பயமாருக்கு?" என்று நூகு கேட்பார்.

"பயமெல்லாம் இல்லங்க. பாக்கச் சகிக்கல."

மகள் பர்ஹத் கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அங்கே உள்ள பந்தயத் தடத்தில் யார் வேண்டுமானாலும் வந்து ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒரு நாள் அறிவித்தபோது, கேட்காமலே அம்மாவின் பெயரைக் கொடுத்துவிட்டாள். பைரோஜா முக்காட்டின் மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பத்துச் சுற்று ஓட்டினாள். இறங்கியபோது அங்கிருந்த பயிற்சியாளர், "இதுக்கு முன்னாடி எங்கெல்லாம் ஓட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

"சாத்தூர் வரைக்கும்" என்றாள் பைரோஜா.

அதற்கு அடுத்த மாதம் பழைய கார்கள் விற்கும் இணையதளம் ஒன்றில் அந்தச் சிவப்புக் காரைக் கண்டாள். ஜெர்மன் கார். இரண்டு லிட்டர் டர்போ எஞ்சின். நின்ற இடத்திலிருந்து ஏழு விநாடிக்குள் நூறைத் தொடும். ஆறு வருடம் ஓடியது. விற்பவர் டேராடூனில் இருந்தார். விபின் நேகி என்று பெயர். பேக்கரி வைத்திருந்தார். முதல் தடவை போனில் பேசியபோதே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பாதி நேரம் காரைப் பற்றி, மீதி நேரம் மாவும் பருப்பும் விலை ஏறுவதைப் பற்றி. வீடியோவில் காரைச் சுற்றி வந்து காட்டியபோது, இடது பக்கக் கதவில் இருந்த ஒரு கீறலை அவராகவே விரல் வைத்துக் காட்டினார். பின்சீட்டில் அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் உட்கார்ந்து கையசைத்தார்கள். சின்னவள் காரை விற்கக் கூடாது என்று அழுதாள்.

எதற்காக விற்கிறீர்கள் என்று பைரோஜா கேட்டாள். "புது அடுப்புக்குக் கடன் வாங்கிட்டேன். காரைக் குடுத்துட்டா கடன் அடைஞ்சு வீடு நிம்மதியா இருக்கும்" என்றார். சுற்றி வளைக்காத அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது.

நூகுவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. "கண்ணால பாக்காம யாராச்சும் காரு வாங்குவாகளா?"

"வருசத்துக்கு நூறு லோடு கண்ணால பாக்காமத்தானங்க வாங்குதோம்?"

"அதுக்குச் சாம்பிள் வருது."

"இதுக்கும் அங்கனயே ஒரு ஆள வச்சுப் பாக்கச் சொல்லிருக்கேன்."

டேராடூனில் கார்களைப் பரிசோதித்துச் சொல்லும் ஆள் ஒருவரை அவள் இணையத்தில் பிடித்திருந்தாள். அவர் நூற்று நாற்பது படங்கள் எடுத்து அனுப்பி, விபத்து எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வழக்கமாக இவர்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் கதிரவன், "நான் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருதேன்க்கா" என்றான். ஆனால் அந்த வாரம் அவனுடைய அம்மா அய்யம்மாளுக்கு மதுரையில் கண் ஆபரேஷன். டெல்லிக்காரர் ஒருவர் வேறு அதே காரைக் கேட்டுக்கொண்டிருந்தார். பைரோஜா பணத்தை அனுப்பிவிட்டாள்.

கார்களை ஏற்றிவரும் நீளமான லாரியில் பதினோரு நாள் பயணம் செய்து கார் வந்து சேர்ந்தது. விருதுநகர் வெயிலில் அது இறங்கியபோது எதிர்க்கடை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். வீடியோவில் பார்த்ததைவிட நன்றாக இருந்தது. நேகி சொன்ன கீறல் சொன்ன இடத்தில் இருந்தது. சொல்லாத கீறல் ஒன்றுகூட இல்லை.

அந்த வாரக் கடைசியில் பர்ஹத் ஊருக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் காரில் ஏறினார்கள். நூகு முன்சீட்டில், பர்ஹத் பின்சீட்டில். நான்குவழிச் சாலை காலியாகக் கிடந்தது. பைரோஜா காலை அழுத்தினாள். கார் குனிந்து பாய்ந்தது. நூறு, நூற்றிருபது, நூற்றைம்பது. நூகு வாய்க்குள் ஓதத் தொடங்கினார். முள் நூற்று எழுபதைத் தொட்டபோது பர்ஹத் பின்னாலிருந்து கத்தினாள். சந்தோஷக் கத்தல்தான். சாத்தூர்ப் பாலத்தை ஒட்டிக் காரை நிறுத்தியபோது நூகுவின் நெற்றி வேர்த்திருந்தது. பைரோஜா திட்டு வாங்கத் தயாராக இருந்தாள்.

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "திரும்பிப் போகும்போதும் இதே மாதிரிதான் போவியா?" என்று கேட்டார்.

"வேண்டாம்னா மெதுவாப் போறேங்க."

"வேண்டாம்னு நான் சொல்லலயே" என்றார் நூகு.

அதே மாதிரிதான் திரும்பி வந்தார்கள்.

மறுநாள் ஒரு சத்தம் கேட்டது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், சீட்டுக்கு அடியிலிருந்து. ஏதோ நட்டு தளர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலையில் காரைக் கதிரவனின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். நூகுவும் கூட வந்தார்.

கதிரவன் தாயில்பட்டிக்காரன். அப்பா வெள்ளைத்துரை, அம்மா இருவருக்கும் பட்டாசுக் கம்பெனியில் வேலை. இவன் மட்டும் சென்னைக்குப் போய் எட்டு வருடம் பெரிய கார்களில் வேலை பழகிவிட்டு வந்து, சிவகாசியை அடுத்து நாரணாபுரம் போகும் வழியில் பட்டறை போட்டிருந்தான். காரை லிஃப்டில் ஏற்றி ஆள் உயரத்துக்குத் தூக்கினான். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் போனான். சீட்டி அடித்துக்கொண்டே போனவன், நடுவில் நிறுத்தினான்.

பிறகு ஏதோ சுரண்டும் சத்தம். பிறகு கதிரவன் வெளியே வந்து, பட்டறையில் இருந்த இன்னொரு வாடிக்கையாளரிடம், "அண்ணே, நீங்க சாயங்காலம் வாங்க" என்று சொல்லி அனுப்பினான். வாசல் ஷட்டரைப் பாதி இறக்கினான்.

"என்ன தம்பி?" என்றாள் பைரோஜா.

"அக்கா, இங்கன அடியில வாங்க. நூகு பாய், நீங்களும் வாங்க."

காரின் அடிப்பாகம் முழுவதும் துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் கறுப்புப் பூச்சு தடிமனாக இருந்தது. ஒரு சாண் அகலத்துக்கு அதை அவன் சுரண்டியிருந்தான். அதற்குக் கீழே இரும்பு. இரும்பில், காரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு கோடு. வெல்டிங் வைத்த கோடு. உருகி உறைந்த மெழுகு போலப் புடைத்துக் கிடந்தது. ஓர் இடத்தில் அந்தப் புடைப்பின் நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

"டிக்குனு சத்தம் கேக்குதுன்னீகள்ல, அது இதுதான்" என்றான் கதிரவன். "விரிசல் விட்ட ரெண்டு வாயும் ஒன்னோட ஒன்னு மோதுது."

"அடிபட்ட வண்டியா?"

டார்ச்சை அந்தக் கோட்டின் மேலேயே வைத்திருந்தான். "இது ஒரு வண்டி இல்லக்கா. ரெண்டு வண்டி. முன்பாதி ஒரு காரு. பின்பாதி வேற காரு. நடுவுல வெட்டி ஒட்டிருக்கான்."

பைரோஜாவுக்கு அவன் சொன்ன சொற்கள் எல்லாம் புரிந்தன. ஆனால் அவற்றைச் சேர்த்துப் பார்க்க முடியவில்லை. "எங்கன ஒட்டிருக்கு?" என்று கேட்டாள். கேட்ட குரல் தன்னுடையது போல இல்லை.

கதிரவன் காரைக் கீழே இறக்கி, கதவுகளைத் திறந்து, உள்ளே விரித்திருந்த கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினான். முன்சீட்டுகளுக்குப் பின்னால், பின்சீட்டில் உட்காருபவர் கால் வைக்கும் இடத்துக்கு முன்னால், அந்தக் கோடு தரையில் ஓடி, இரண்டு பக்கமும் கதவுத் தூணில் ஏறி, கூரைக்குள் போய் மறைந்தது. தூணில் பட்டிப் பசையும் பெயிண்டும் வைத்து மூடியிருந்தார்கள்; டேராடூன் ஆள் எடுத்த படங்களில் எதுவும் தெரியாதது அதனால்தான். முன்சீட்டு பெல்ட்டில் தைத்திருந்த சின்ன லேபிளில் ஒரு வருடம். பின்சீட்டு பெல்ட்டில் அதற்கு இரண்டு வருடம் முந்தைய வருடம்.

நூகு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அன்னைக்கு நாம ரெண்டு பேரும் ஒரு வண்டில போயிருக்கோம். பிள்ள வேற வண்டில வந்திருக்கு" என்றார்.

அப்போதுதான் பைரோஜாவுக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தாள். நூற்று எழுபது. அந்த எண் மட்டும் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது. நூற்று எழுபதில் ஒரு பள்ளம் வந்திருந்தால். நூற்று எழுபதில் ஒரு மாடு குறுக்கே வந்து பிரேக் அடித்திருந்தால். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை.

கதிரவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் தம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

அங்கிருந்தே நேகிக்கு வீடியோவில் அழைத்தாள். பேக்கரியில் இருந்தார். சிரித்த முகத்துடன், "கார் எப்படி ஓடுது, பஹன்ஜி?" என்று கேட்டார். அக்கா என்றுதான் ஆரம்பத்திலிருந்தே கூப்பிடுவார். பைரோஜா சிரிக்கவில்லை. இந்தியில் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் மாறியது.

"இருக்கவே முடியாது. மூணு வருஷம் நான் ஓட்டின கார். உங்க ஊர்ல யாரோ ஏமாத்துறாங்க. இல்ல, பணத்தைத் திரும்ப வாங்க நீங்களே..."

"பேசாமப் பாருங்க" என்றாள் பைரோஜா. போனைத் திருப்பி, கோட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை மெதுவாகக் கொண்டுபோனாள். விரிசலின் மேல் நிறுத்தினாள். போனைத் திரும்பத் தன் பக்கம் திருப்பியபோது நேகியின் முகம் வெளுத்திருந்தது.

"பின்சீட்டு அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"பின்னால இருக்கிற பாதியில."

பேக்கரிக்குள் எங்கோ அவருடைய சின்ன மகள் "பாப்பா, பாப்பா" என்று அப்பாவைக் கூப்பிடும் குரல் கேட்டது. நேகி குரல் வந்த பக்கம் திரும்பினார். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

மறுபடி அழைத்தபோது போன் அணைக்கப்பட்டிருந்தது. அன்று முழுவதும் அணைந்தே இருந்தது. மறுநாளும் அப்படியே. நூகு ஒரு தடவைகூட 'நான் அப்பமே சொன்னேன்' என்று சொல்லவில்லை. "போனாப் போகுது. மூணு பேரும் உசுரோட இருக்கோம்" என்று மட்டும் சொன்னார். பைரோஜா கடைப் போனை எடுக்கவில்லை. இந்தூரிலிருந்து அழைப்பு வந்தபோதும் எடுக்கவில்லை. முகம் தெரியாத குரல்களை நம்பி இத்தனை வருடம் எப்படி வியாபாரம் செய்தோம் என்று யோசித்தபடி சமையலறையில் நின்றாள். பர்ஹத்துக்கு மட்டும் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். பர்ஹத் முதலில் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, வரும்போது நான் தூங்கிட்டேன்மா. சீட்டுல காலை நீட்டிப் படுத்துட்டேன். பெல்ட்டக்கூடப் போடல."

பைரோஜா போனைக் கீழே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நூகு வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோது பைரோஜாவின் போன் அடித்தது. நேகி. மதுரை விமான நிலையத்தில் நிற்பதாகச் சொன்னார்.

நான்கு மணிக்கு அவர் கதிரவனின் பட்டறைக்கு வந்தார். நாற்பது வயதுக்காரர், மூன்று நாள் தாடி, கையில் தன் கடை ரஸ்க் ஒரு பெட்டி. அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். கதிரவன் காரை மறுபடி தூக்கினான். இந்த மூன்று நாளில் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்திருந்தான். நேகி அடியில் போனார். கோட்டின் ஆரம்பத்தில் விரலை வைத்து, கடைசி வரை தடவிக்கொண்டே நடந்தார். வெளியே வந்து வெயிலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போனை ஏன் அணைச்சீங்க?" என்றாள் பைரோஜா.

"என் மனைவிகிட்டச் சொன்னேன். சொன்னதும் அவ பிள்ளைங்க ரெண்டு பேரையும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "முசூரி மலைப்பாதையில வாரா வாரம் போவோம் பஹன்ஜி. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். வளைவுல வேகமாத் திரும்பினா பிள்ளைங்க சிரிப்பாங்க. அவங்க சிரிக்கணும்னே திருப்புவேன். அடுத்த நாள் காலையில அவங்களை ஸ்கூட்டர்ல ஏத்தக்கூடக் கை வரல. பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடிச்சு நடந்தே கூட்டிட்டுப் போனேன். அதுக்கப்புறம்தான் உங்க ஞாபகம் வந்துச்சு. உங்களைப் பொய் சொல்றவங்கன்னு சொல்லிட்டேனே, அதைப் போன்ல சரிபண்ண முடியாதுன்னு கிளம்பி வந்தேன்."

அவர் அந்தக் காரை வேறோர் ஊரில் பழைய கார் விற்கும் ஒருவனிடம் வாங்கியிருந்தார். வந்தவுடன் அவனுக்கும் அழைத்துப் பார்த்தார். அந்த எண் உபயோகத்தில் இல்லை.

பைரோஜாவுக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அது போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. மூன்று நாளாக அவளை அரித்துக்கொண்டிருந்த கேள்வியைக் கதிரவனிடம் கேட்டாள்.

"தம்பி, பின்பாதி ஒரு காருலருந்து வந்துச்சுன்னு சொன்னீல்ல. அந்தக் காரோட முன்பாதி எங்க?"

கதிரவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "இருந்திருந்தா எதுக்குக்கா வெட்டப் போறான்? நசுங்கிருக்கும். அந்தக் காரு நேருக்கு நேரா எதுலயோ போய் விழுந்திருக்கு. பின்பாதி மட்டும் மிஞ்சிருக்கு. இந்த முன்பாதியோட காரைப் பின்னாலருந்து லாரி மாதிரி எதுவோ ஏறி அடிச்சிருக்கும்."

"அப்ப அந்தக் காருல முன்சீட்டுல இருந்தவுக?"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். "இந்த முன்பாதியோட காருல பின்சீட்டுல இருந்தவுக?" என்று அவள் அடுத்ததைக் கேட்கவில்லை. பைரோஜா இந்தியில் நேகிக்கு அதைச் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது நூகு தலைத்தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சாவுச் செய்தி கேட்டால் சொல்லும் வார்த்தைகளை மெதுவாகச் சொன்னார். இன்னா லில்லாஹி. யார், எந்த ஊர், எத்தனை பேர் என்று எதுவும் தெரியாமல் நான்கு பேரும் அந்தச் சிவப்புக் காரின் முன்னால் தலை குனிந்து நின்றார்கள்.

சனிக்கிழமை காலையில் பட்டறைக்கு மணிமுத்து வந்தான். மதுரையில் பழைய கார் புரோக்கர். யார் சொன்னார்களோ, விஷயம் அவன் காதுக்குப் போயிருந்தது. காரை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தான்.

"இதுக்கா இப்படி உக்காந்திருக்கீக? கதிரவன் விரிசல்ல வெல்டிங் வச்சு ஒரு பத்துப் போடட்டும். மேல பூச்சு அடிச்சா எவனுக்குத் தெரியப் போகுது? நீங்க கொடுத்த விலையில ஒரு ரூவா குறையாம வாங்கித் தாரேன். வெளியூர்ல தள்ளிருவோம்."

பைரோஜா அதை நேகிக்கு மொழிபெயர்த்தாள். அவர் கொண்டுவந்திருந்த காசோலை அவள் கொடுத்ததில் பாதிக்குத்தான். மீதி அடுப்புக் கடனுக்குப் போய்விட்டிருந்தது; மாதாமாதம் அனுப்புவதாக முந்தைய நாள் எழுதிக் கொடுத்திருந்தார். இப்போது புரோக்கர் சொன்னதைக் கேட்டதும் அவர் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஒரு நிமிஷம் நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன் பஹன்ஜி. பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

நூகுவும் தொண்டையைச் செருமினார். "ஒட்டுப் போட்ட வண்டின்னு சொல்லியே குடுத்தா?"

"வாங்குறவன்கிட்ட நாம சொல்லுவோம்" என்றாள் பைரோஜா. "அவன் அடுத்தவன்கிட்டச் சொல்லுவானா? அதுக்கடுத்தவன் பிள்ளயும் எம்பிள்ள மாதிரி பின்னால படுத்துத் தூங்கும்."

மணிமுத்து சிரித்தான். "நாட்டுல இப்படி எம்புட்டு வண்டி ஓடுது தெரியுமாக்கா?"

அதுவரை பேசாமல் நின்ற கதிரவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "எங்க ஊர்ல பட்டாசுக் கம்பெனில ஒரு ரூமு வெடிச்சுச்சுன்னா, சுவத்துக்கு வெள்ளையடிச்சு மறு மாசம் அதே ரூமுக்கு ஆள் எடுப்பாக. புதுசா வாரவுகளுக்கு அங்கன என்ன நடந்துச்சுன்னு தெரியாது. எங்க சித்தி முருகேஸ்வரி அப்படி வெள்ளையடிச்ச ரூமுலதான் போய் உக்காந்தாக. திரும்பி வரல." அவன் குரலை உயர்த்தவே இல்லை. "நான் இதுல பத்துப் போட மாட்டேன். வேற எவன்கிட்டயாவது கொண்டுபோனா அந்த வண்டி நம்பரைப் போலீஸ்ல எழுதிக் குடுப்பேன். போயிட்டு வாங்கண்ணே."

மணிமுத்து போய்விட்டான். பைரோஜா நேகியைப் பார்த்தாள். "வெட்டிரலாம்" என்றாள். அவர் தலையசைத்தார்.

பட்டறையில் வைத்து வெட்ட முடியாது. இரண்டு காம்பவுண்டு தள்ளிப் பட்டாசு கோடவுன். கிரைண்டரின் பொறி பறக்கும் வேலையை அந்தப் பக்கத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். மறுநாள் காரை லாரியில் ஏற்றி விருதுநகருக்கு வெளியே இருந்த பழைய இரும்புக் கிடங்குக்குக் கொண்டுபோனார்கள். எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் கதிரவன் முன்பே கழற்றி வைத்துவிட்டான். அவற்றில் பழுதில்லை, எந்தக் காரிலிருந்து வந்தது என்று எழுதிக்கொடுத்தே விற்கலாம் என்றான். சேசிஸ் எண் பொறித்த தகடை முதலில் தனியாக வெட்டி எடுத்து நேகியிடம் கொடுத்தான். டேராடூனில் பதிவை ரத்து செய்யவும் போலீஸில் புகார் கொடுக்கவும் அது வேண்டும். கோட்டையும் விரிசலையும் படம் எடுத்தும் கொடுத்திருந்தான்.

இரும்புக் கிடங்கில் ஒரு சங்கிலியைக் கட்டிக் காரின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தினார்கள். கதிரவன் கண்ணாடி மாட்டிக்கொண்டு கூரையில் கிரைண்டரை வைத்தான். பொறிகள் தெறித்தன. கூரை முடிந்து இடது தூணுக்கு வந்தான். தூணை முடித்தான். வலது தூணில் பாதி போயிருப்பான். அடித்தரையை இன்னும் தொடவே இல்லை.

டப்பென்று ஒரு சத்தம். கதிரவன் பின்னால் துள்ளினான். கார் நடுவில் வாயைப் பிளந்தது. யாரும் தொடாமல், யாரும் இழுக்காமல், முன்பாதி முன்னால் சாய்ந்து மண்ணில் விழுந்தது. பின்பாதி சங்கிலியில் தொங்கி ஆடியது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை இருந்த அந்த ஒட்டு, காய்ந்த பசை போல ஒரே நொடியில் விட்டுவிட்டது.

கிரைண்டர் கீழே கிடந்து சுற்றி நின்றது. இரும்புக் கிடங்குக்காரர் "யா அல்லா" என்றார். நேகி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, ஆடிக்கொண்டிருந்த பின்சீட்டையே பார்த்தார். அவர் தோள்கள் குலுங்கின. நூகு போய் அவர் பக்கத்தில் நின்று, ஒரு வார்த்தை இந்தி தெரியாமல், முதுகில் கையை வைத்துக்கொண்டே இருந்தார். பைரோஜா அழவில்லை. அவளுடைய வலது பாதம் மட்டும் செருப்புக்குள் கட்டுப்பாடில்லாமல் நடுங்கியது. வேகத்தை அழுத்திய பாதம்.

அன்று மாலை ரயிலுக்கு நேகியைக் கொண்டுபோய் விட்டார்கள். நூகுதான் ஓட்டினார், நாற்பதில். யாரும் அவரை வேகமாகப் போகச் சொல்லவில்லை. ஸ்டேஷனில் நேகி மீதிப் பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தபோது பைரோஜா தடுத்தாள். எஞ்சின் விற்று வருவதைக் கழித்துக்கொண்டு, நட்டத்தில் ஆளுக்குப் பாதி என்றாள். அவர் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "என்னையும்தான ஏமாத்துனாங்க. அதை முழுசா நீங்க ஏன் சுமக்கணும்?" என்றாள்.

அதன்பிறகு இரண்டரை மாதம் கழித்து ஒரு மத்தியானம் கடையில் இருக்கும்போது நேகி அழைத்தார். புகாரைப் போலீஸ் எடுத்துக்கொண்டார்கள் என்றார். அவருக்குக் காரை விற்றவனைப் பிடித்துவிட்டார்கள். அவன் வழியாக, கார்களை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பட்டறையையும் பிடித்துவிட்டார்கள். அங்கே ஒரு நோட்டு கிடைத்திருக்கிறது. எந்தக் காரின் எந்தப் பாதி, எந்தக் காரின் எந்தப் பாதியோடு என்று வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

"நம்ம காரும் அதுல இருக்கா?" என்று கேட்டாள் பைரோஜா.

"இருக்கு. அஞ்சாவது. பின்பாதி ஒரு கல்யாணத்துக்குப் போன கார். முன்னால புருஷன் மனைவி ரெண்டு பேர். அவங்க பேரையும் போலீஸ் சொன்னாங்க. வேணுமா?"

"சொல்லுங்க" என்றாள் பைரோஜா. அவர் சொன்னார். அவள் அதைக் கைக்குக் கிடைத்த தாளில் தமிழில் எழுதிக்கொண்டாள்.

"மொத்தம் எத்தனை கார்?"

"பத்தொன்பது. பதினொன்னைக் கண்டுபிடிச்சுட்டாங்க."

"மீதி எட்டு?"

"நாலஞ்சு கை மாறிப் போயிருக்கு பஹன்ஜி. எந்த ஊர்ல, யார்கிட்ட இருக்குன்னே தெரியல."

போனை வைத்துவிட்டுப் பைரோஜா கடை வாசலுக்கு வந்தாள். மதிய நேரத்து பஜாரில் மினி லாரிகளுக்கு நடுவே கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு வெள்ளைக் காரின் பின்சீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நூகு உள்ளேயிருந்து, "என்னவாம்?" என்று கேட்டார். அந்தக் கார் தெப்பக்குளத்துப் பக்கம் திரும்பி மறையும் வரை, அதன் கதவுத் தூணில் எங்காவது பெயிண்ட் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.